துக்க வீட்டில் முளைத்த பிளாஸ்டிக் மரம்

பெதஸ்தாபுரத்தில் துக்கம் விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், குடில் ஜோடிக்க மாட்டார்கள், அடுப்பில் பலகாரச் சட்டி ஏற்ற மாட்டார்கள், கிறிஸ்துமஸ் மரம் வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மரம் தன்னால வந்து நின்றுகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஊர் வழக்கம் ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை, அதனால்தான் அருமைநாயகம் செத்த வருஷத்து டிசம்பரில் அந்த ஊர் அவ்வளவு அவதிப்பட்டது.

மரம் என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்பது கடற்கரைத் தோப்பில் வெட்டி வந்த சவுக்குக் கிளைதான்; அதை மண் நிரப்பின மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, கலர் பேப்பர் சுற்றி, வேர்த்து ஒழுகிக்கொண்டே பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பனி என்று ஒட்டினால் வேலை முடிந்தது. பிறகு யாரோ ஒருத்தர் துபாயிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மரத்தைக் கொண்டுவந்து இறக்க, அந்த நிமிஷத்திலிருந்து சவுக்கு வைத்தவனெல்லாம் இல்லாதப்பட்டவன் ஆகிப்போனான். தூத்துக்குடிக் கடைகளில் பிளாஸ்டிக் மரம் அடி கணக்கில் விற்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு மரத்தைவிடத் தன் வீட்டு மரம் அரை அடியாவது கூட இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு வாங்கி வாங்கி, கடைசியில் மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் மரத்தின் உச்சியை ஏற்றி, காற்று இல்லாமல் புழுங்கிக்கொண்டு, வருகிறவர்களிடம் "நல்லாருக்கா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் வீட்டு மரம் இந்தப் போட்டியில் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. ஜனவரி பிறந்தால் கிளைகளை மடக்கிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்.

அவர் செத்தது அசனம் முடிந்த மறுநாள் காலையில். ஊர் முழுவதும் கோயில் வளாகத்தில் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த அசன விருந்துக்கு, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி இறக்குகிற பொறுப்பு வருஷா வருஷம் அவருடையது. வெளியூர்ச் சமையல்காரனுக்கு உப்புப் போடத் தெரியாது என்று சொல்லி அவரே கரண்டி பிடிப்பார். அந்த வருஷமும் பிடித்தார், கடைசிப் பந்தி எழுந்ததும் வீட்டுக்கு வந்து படுத்தார், விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

அடக்க ஆராதனையில் எல்லாரும் பேசினார்கள். சபைச் செயலாளர் ஞானதுரை பேசினார், போதகர் பேசினார், அருமைநாயகத்தின் தங்கை கிரேஸ்மணி அழுதுகொண்டே பேசினாள். பேச்சில் கனிவு, நடையில் பணிவு, கோபம் என்றால் என்ன என்றே அறியாத சாந்த சொரூபி, கர்த்தருடைய பந்தியில் பரிமாறிய கையோடு ஒரு நோவும் நொடியும் இல்லாமல் கண்ணை மூடின பாக்கியவான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஹெப்சிபாய்க்கு, வழி தவறி யாரோ ஒரு வேற்று மனுஷனின் அடக்கத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. குழம்பில் முடி கிடந்தால் தட்டோடு தூக்கிச் சுவரில் அடிக்கிற மனுஷனுக்குக் கோபம் தெரியாதாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பிறகும் அப்படித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடையில் பார்த்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், யார் வாயைத் திறந்தாலும் அதே நாலு வார்த்தை. அவளுடைய புருஷனை எடுத்துக்கொண்டு, அழுக்கு இல்லாத, வாசனை இல்லாத, மடக்கிப் பெட்டியில் வைக்கிற ஒரு அருமைநாயகத்தை ஊர் அவள் கையில் கொடுத்துவிட்டது. அவளுக்கே சில நாள் குழப்பம் வந்தது. அவர் தும்முகிற சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஞானதுரையின் பிரசங்கம்தான் காதில் கேட்டது. ஹெப்சிபாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அவள் கூட வாழ்ந்த மனுஷன், இருந்த மாதிரியே. அவர் முழுசாக அழிந்துபோவதற்குள் அவரைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள், ஆனால் அதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அப்படி இருக்கும்போதுதான், கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தி வருகிற வருகைப் பண்டிகையின் முதல் ஞாயிறு காலையில், பரணில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பிளந்துகொண்டு மரம் எழுந்து நின்றது. இரும்பு ஸ்டாண்டின் மூன்று காலும் வேராகிச் சுவர் வழியாக இறங்கி, டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு தரைக்குள் போயிருந்தன. கீழ்க்கிளைகள் கை எட்டும் உயரத்துக்குத் தொங்கின. இலையை நசுக்கினால் விரலில் பசை ஒட்டியது. ஹெப்சிபாய் வேரில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு பெட்ஷீட்டை எடுத்து மரத்துக்குப் போர்த்தினாள், கோயிலுக்குப் போகாமல் வாசலைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு மரத்தைப் பற்றிப் பயமில்லை, தெருவைப் பற்றித்தான் பயம்.

பெட்ஷீட் மரத்தை மறைத்தது, வாசனையை மறைக்கவில்லை. அந்தப் பசையின் டர்பன்டைன் வாசனை தெருக்கோடி வரைக்கும் போக, முதல் ஆளாகக் கிரேஸ்மணி வந்து கதவைத் தட்டினாள்.

"மைனி, அண்ணன் போயி ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள வீட்டுக்குப் பெயிண்டு அடிக்கியளா?" என்றாள்.

"பெயிண்டு இல்லளா, மரம்" என்று ஹெப்சிபாய் பெட்ஷீட்டை உருவினாள்.

கிரேஸ்மணி கீழிருந்து மேல்வரை பார்த்தாள், வேரைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "எத்தனை அடி வரும்?"

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் கமிட்டி கூடியது. துக்க வீட்டில் மரம் வைத்தது தப்பு என்று ஒரு கட்சி. அந்த அம்மா வைக்கவில்லையே, முளைத்ததற்கு அவள் என்ன செய்வாள் என்று இன்னொரு கட்சி. முளைத்தது சரி, தண்ணீர் ஊற்றுகிறாளே, அது கொண்டாட்டம்தானே என்று மறுபடியும் முதல் கட்சி. பிளாஸ்டிக் எப்படி முளைக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அது கமிட்டியின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் இல்லை. கடைசியில் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் சீரியல் லைட் போடக் கூடாது என்று முடிவெடுத்து, வடையும் டீயும் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

இப்படியே போயிருந்தால் அவள் பேரைக் கெடுத்ததோடு ஊர் அடங்கியிருக்கும். ஆனால் கப்பல் வேலை பார்த்துத் திரும்பின ஒரு அண்ணாச்சி, ஜன்னல் வழியாக மூக்கை நுழைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஒரிஜினல்லா இது. வெள்ளைக்காரன் வீட்டுல வைக்கிற அதே மரம்" என்று சொல்லிவிட்டார், அந்த ஒரு வார்த்தையோடு ஊரின் துக்கம் தீர்ந்துபோனது. பட்டணத்துக் கடையில் அடி அடியாக வாங்கி நிறுத்தின அத்தனை வீட்டு மரங்களும் ஒரே மத்தியானத்தில் சவுக்குக்குச் சமமாகிவிட்டன. "புருஷனைப் பறிகொடுத்தவ மரம் வச்சிருக்கா பாரு" என்று சொன்ன வாய்களெல்லாம் "பாவம், ஒத்தையில கிடக்கா, போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பின. கையில் துக்க வீட்டுக்குக் கொடுக்கிற பலகாரத் தூக்கு, பைக்குள் கத்தி.

முதலில் ஞானதுரை வந்தார். கோயில் பீடத்தில் வைக்க ஒரு நல்ல கிளை வேண்டும் என்றார்.

"கொண்டு போங்க அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபாய். "ஆனா அவியளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொண்டு போங்க."

அவள் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை, ஒரு வார்த்தைக்காக ஏங்கிப்போய்க் கேட்டாள். ஞானதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேச்சில் கனிவு, நடையில் பணிவு என்று ஆரம்பித்துச் சாந்த சொரூபியில் கொண்டுபோய் முடித்து, கிளையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டும் முன்னே கிளை தோளில் கனம் குறைந்தது. இறக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக், அடியில் சீனாவில் செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொங்கியது. அடுத்து வந்தவருக்கும் அப்படித்தான், அதற்கடுத்து வந்த பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கும் அப்படித்தான். எல்லாரும் அதே நாலு வார்த்தையைத்தான் சொன்னார்கள், எல்லார் கையிலும் அதே பிளாஸ்டிக்தான் மிஞ்சியது.

கறிக்கடை மோசஸுக்குப் பிரசங்கம் வராது. "மைனி, கோவிச்சுக்கப்பிடாது" என்றான், "அண்ணாச்சி தராசுல கறியைப் போட்டதும் சுவிசேஷம் பேச ஆரம்பிப்பாவ. நான் கண்ணை மூடி ஆமென் சொல்லுத நேரத்துல ஒரு ஈரல் துண்டு அவிய பைக்குள்ள விழுந்துரும். எனக்குத் தெரியும்னு அவியளுக்கும் தெரியும்." சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தான். ஹெப்சிபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மோசஸுக்குப் பிடிபடவில்லை. அந்த ஈரலைத்தான் அவள் மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பாள், மோசஸ் பிரியப்பட்டுப் போட்டான் என்பார் மனுஷன். மோசஸ் கொண்டுபோன கிளை அவன் வீட்டில் பச்சையாகவே இருந்தது, மறுநாள் அதில் ஒரு காயும் விட்டிருந்தது.

விஷயம் வெளியே வந்துவிட்டது. நிஜம் சொன்னால் நிஜ மரம், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். பிறகு கேட்கவா வேண்டும், வாசலில் வரிசை நின்றது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்கிற மரியாதையை ஊர் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தது. பாடகர் குழுவில் எப்போதும் ஒரு வரி பிந்திப் பாடிவிட்டு ஆர்கன்காரனை முறைப்பார் என்றார் ஒருத்தர். கல்யாண வீட்டில் அப்பளத்தை ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவார், நொறுங்குகிற சத்தம் ஜெபத்தில் கேட்கும் என்றாள் ஒருத்தி. மழை பெய்தால் குடை இருக்கிற ஆளோடு திடீரென்று சிநேகம் ஆகிவிடுவார். பைபிள் பரீட்சையில் பேரப்பிள்ளை வயசுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதி இரண்டாம் பரிசு வாங்கினார். நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போவார், கேட்டால் நடைப்பயிற்சி என்பார். யாருடைய அடக்கத்துக்குப் போனாலும் குழிமேட்டில் நின்று, தன்னைவிட வயசில் இளையவனா என்று விசாரிப்பார். ஒவ்வொன்றாக வர வர, ஹெப்சிபாய் வீட்டுக்குள் அருமைநாயகம் பழையபடி நடமாட ஆரம்பித்தார். அவர் தும்மல் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி படுக்கும்போது "களவாணி மனுஷா" என்று பக்கத்துத் தலையணையைப் பார்த்துத் திட்டினாள், அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் திட்டியதில்லை.

கிரேஸ்மணிக்குத்தான் கிளை வாய்க்கவில்லை. முதல் தடவை அண்ணனைப் பரிசுத்தவான் என்றாள், பிளாஸ்டிக். மறு தடவை தங்கச்சிக்காக உயிரையே கொடுப்பான் என்றாள், வெட்டும்போதே பிளாஸ்டிக். அதற்கும் அடுத்த தடவை, "எங்க அண்ணன் அசனப் பந்தியில ராஜா மாதிரி நின்னு, ஒரு நோவும் இல்லாம போனான்" என்றாள், கத்தி படுமுன்பே கிளை பளபளவென்று ஆகிவிட்டது.

"கூடப்பிறந்தவனைப் பத்தி நான் சொன்னா பொய்யா? இது மரம் இல்ல மைனி, பிசாசு" என்று கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அவளுக்கு மரத்தின் உயரத்தில் கண், கிளை கிடைக்காத கோபம் இருக்கத்தானே செய்யும் என்று ஹெப்சிபாய் விட்டுவிட்டாள்.

பிளாஸ்டிக் கிளையைக் கோயிலிலிருந்து எடுத்துவிட்டு நிஜக் கிளை வைத்தே தீர வேண்டும் என்று ஞானதுரை மறுபடியும் வந்தார். இந்தத் தடவை துணிந்து ஒரு நிஜத்தைச் சொன்னார்: சபைத் தேர்தலில் கல்லறைக்குப் போய்விட்டவர்கள் ஓட்டையும் அருமைநாயகம்தான் ஒவ்வொன்றாகக் குத்திப் போட்டார். கிளை பச்சைப்பசேலென்று வந்தது, தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்த பிறகுதான், அந்த ஓட்டெல்லாம் யாருக்கு விழுந்தது என்று சபையார் கேட்பார்களே என்பது அவருக்கு உறைத்தது. சபையாரும் கேட்டார்கள்.

அங்கே பிடித்தது சனியன். அருமைநாயகத்தோடு சேர்ந்துதானே எல்லாரும் எல்லாவற்றையும் செய்திருந்தார்கள்? அவரைப் பற்றி ஒரு நிஜம் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சொன்னவனுடைய நிஜமும் வெளியே வந்தது. கேரல் பாட வருகிறவர்கள் ஹாலில் பச்சைக் கிளையைப் பார்த்தால் பாட்டை நிறுத்திவிட்டு, "என்னத்தைச் சொல்லி வாங்குனிய?" என்று கேட்டார்கள். புருஷன் சொன்னதைப் பெண்டாட்டி கேட்டு முகத்தைத் தூக்கினாள், மாமியார் சொன்னதை மருமகள் கேட்டுப் பெட்டியைக் கட்டினாள். பிளாஸ்டிக் வைத்திருந்தவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பது தெரியும், ஆனால் அந்தப் பொய்யை அடக்க ஆராதனையில் எல்லாரும்தானே சொன்னார்கள், அதில் என்ன வெட்கம்? கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கப் பச்சைக் கிளைகள் ஒவ்வொன்றாகக் குப்பைமேட்டுக்குப் போயின. இலை உதிர்கிறது, பெருக்கி மாளவில்லை என்றார்கள். போதகர் பிரசங்கத்தில், வாடாமலும் உதிராமலும் இருக்கிற பிளாஸ்டிக் மரம் நித்திய ஜீவனுக்கு அடையாளம் என்றார், சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது. தூத்துக்குடி பஸ்ஸில் திரும்பி வந்தவர்களின் மடியில் எல்லாம் நீள நீளமான அட்டைப்பெட்டிகள் இருந்தன.

ஹெப்சிபாய் வீட்டு மரம் வெட்டின இடத்தில் மறுபடி துளிர்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மொட்டைத் தண்டும், சுவர்ப்பக்கம் ஒளிந்திருந்த ஒரே ஒரு கிளையும் மிச்சம். அது போதும் என்றிருந்தாள் அவள், அவளுடைய மனுஷன் முக்கால்வாசி வந்து சேர்ந்துவிட்டார். ஊர் கோயிலுக்குப் போய்த் திரும்பி, பிரியாணி வாசனை தெருவில் ஏறிக்கொண்டிருந்த மத்தியானத்தில் கிரேஸ்மணி அச்சுமுறுக்குத் தூக்கோடு வந்தாள். கிளை கேட்கவில்லை, கத்தியும் கொண்டுவரவில்லை. மரத்துக்கு அடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"மைனி, எனக்குத் தூக்கமே வரல" என்றாள்.

"உள்ளே வந்து சோறு தின்னுட்டுப் பேசு."

"இல்ல மைனி. நான் சொல்லிருதேன், நடுவுல பேசாதிய." கிரேஸ்மணி முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்து எடுத்தாள். "அசனத்துக்கு முந்தின வியாழக்கிழமை அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. இடது கையைப் பிடிச்சிக்கிட்டு, நெஞ்சுக்குள்ள கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தங்கச்சி, ஹெப்சியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரட்டுமான்னு கேட்டான். இந்த வருஷ அசனச் செலவு எங்க வீட்டு முறை. நாகர்கோவில்ல இருந்து சம்பந்தி வீட்டுக்காரவ வாராவ. அவன் படுத்துட்டா அண்டாவை யார் பாப்பா, எங்க மானம் போயிருமேன்னு எனக்கு. இது வாயுண்ணே, சுக்குத்தண்ணி போட்டுத் தாரேன், குடி, அசனம் முடியட்டும்னு சொன்னேன். மைனிகிட்ட சொல்லிராத, அவ ஊரைக் கூட்டிருவான்னும் சொன்னேன். குடிச்சான். சரிளான்னு போயிட்டான்."

தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். ஹெப்சிபாய்க்கு இவள் கழுத்தைப் பிடித்து நெரித்துவிடலாமா என்று வந்தது, அதைவிட அதிகமாக, இதைக் கேட்காமல் இருந்திருக்கலாமே என்று வந்தது. எழுந்து போய் அந்தக் கடைசிக் கிளையைக் கையாலேயே முறித்தாள், கொண்டுவந்து கிரேஸ்மணியின் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பச்சைக்கு அலைந்த அந்த மரத்தின் கடைசிக் கிளை பிளாஸ்டிக்காக வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டார்கள். அது மாறவில்லை. முறித்த இடத்தில் பசை கசிந்து கிரேஸ்மணியின் கிறிஸ்துமஸ் சேலையில் சொட்டியது.

"ஏளா" என்றாள் ஹெப்சிபாய். "பொய்னு சொல்லு. எனக்காக ஒரு தடவை சொல்லு."

கிரேஸ்மணி கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பொய்தான் மைனி" என்றாள். "நான் சொன்னது அம்புட்டும் பொய். அண்ணன் எங்க வீட்டுக்கு வரவே இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, கிளை அவள் கையில் பிளாஸ்டிக் ஆனது.